ஒடியோலை எட்டாத கத்தரிக்காய்

மாட்டுப் பொங்கலன்று தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் நந்தியின் கல் மேனியைப் பார்க்க முடியாது. காய்களும் பழங்களும் இனிப்புகளும் பூக்களும் டன் கணக்கில் அதன்மேல் சார்த்தப்பட்டிருக்கும். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தில் லிங்கத் திருமேனியை மூடும் சோற்றின்மேலும் காய்கனிகள் ஏறும். குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சியில் பழங்களைச் சட்டத்தில் அடுக்கி விலங்கும் கோட்டையுமாக உருவங்கள் செய்கிறார்கள். இவை எல்லாவற்றிலும் காய்கனி அலங்காரப் பொருள், அல்லது கட்டுமானப் பொருள். ஒரு கத்தரிக்காயே, ஒரு பாகற்காயே, ஆள் உயரத்தைத் தாண்டிய சிற்பமாக நம் ஊர்களில் நின்று நான் கண்டதில்லை. நாயக்கர் கால மண்டபங்களின் தூண் போதிகையில் தலைகீழாகத் தொங்கும் வாழைப்பூ மொட்டு ஒன்றைத்தான் விதிவிலக்காகச் சொல்லலாம். அதுவும் கட்டடத்தின் உறுப்பாக நிற்கிறதே தவிரத் தனிச் சிற்பமாக இல்லை. கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் சுவாமிமலை வார்ப்புப் பட்டறைகள் இருக்கின்றன, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகள் இருக்கின்றன, கோபுரச் சுதை வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு கைத்திறன் சேர்ந்திருக்கும் இடத்தில் காய்கனியைப் பேருருவாகச் செய்ய வேண்டும் என்பதும், கணினிவழி உருவாக்கம் டெல்டாவின் சிற்பத் தொழிலுக்குள் நுழைய இதுவே சரியான வாசல் என்பதும் என் கட்சி.

ஏன் இதுவே சரியான வாசல் என்பதைப் புரிந்துகொள்ள, சுவாமிமலை ஸ்தபதி ஒரு திருமேனியை எப்படித் தொடங்குகிறார் என்று பார்க்க வேண்டும். செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையில் ஒரு நறுக்கு எடுத்து, அதைச் சாத்திரம் சொல்லும் பங்குகளாக மடிப்பார். அதுதான் ஒடியோலை. உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு, நவதாளம் என்றால் 108. முகம் இத்தனை பங்கு, கழுத்து இத்தனை, மார்பு இத்தனை என்று ஓலையின் மடிப்புகளே சொல்லிவிடும். அரை அடி உருவமானாலும் பத்தடி உருவமானாலும் கணக்கு ஒன்றே. ஓலையின் நீளம்தான் மாறும். சிறியதைப் பெரிதாக்கும் சிக்கலைத் தெய்வ உருவங்களுக்கு நம் முன்னோர் விகிதங்களாலேயே தீர்த்துவிட்டார்கள். அதனால் திருமேனி வார்ப்பில் ஸ்கேனரைக் கொண்டுவந்து நிறுத்துவதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தேர்ந்த கையும் மடித்த ஓலையும் அந்த வேலையை நூற்றாண்டுகளாகக் குறையில்லாமல் செய்துவருகின்றன.

கத்தரிக்காய்க்குத் தாளம் கிடையாது. ஒரே செடியில் பறித்த இரண்டு காய்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. காம்பின் முள், தொப்பியின் ஓரம் தோலைவிட்டுச் சற்றே எழும்பும் இடம், ஒரு பக்கம் சதை கூடிச் சாய்ந்த வயிறு என்று அந்தக் காயைக் கத்தரிக்காயாக்குவதே இந்தச் சீரின்மைதான். அதைக் கண்ணளவில் முப்பது மடங்கு பெரிதாக்கினால் கை தன்னையறியாமல் எல்லாவற்றையும் சமப்படுத்திவிடும். கிடைப்பது மூங்கில் தட்டியில் காகிதம் ஒட்டிச் செய்த ஊர்வலப் பொம்மைபோல இருக்கும். இங்கேதான் அளவெடுக்கும் கருவி வேண்டியிருக்கிறது. காயைச் சுற்றிலும், மேலும் கீழுமாக, நூறு நூற்றைம்பது படங்கள் எடுக்க வேண்டும். ஒரே புள்ளி பல படங்களில் எங்கெங்கே தெரிகிறது என்று ஒப்பிட்டு, அந்தப் புள்ளி வெளியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது. இப்படிச் சேரும் லட்சக்கணக்கான புள்ளிகளைச் சிறு முக்கோணங்களாக இணைத்தால் காயின் தோல் கணினியில் வந்துவிடும். ஒளிக்கோடுகளைப் பாய்ச்சி அளக்கும் ஸ்கேனர் இதையே கூடுதல் துல்லியத்தோடு செய்யும்.

காய்க்குக் காய் சிரமம் மாறுவதுதான் இந்த வேலையின் சுவை. பாகற்காயும் பலாவும் கருவிக்கு மிக எளியவை. புள்ளிகளை அடையாளம் காண அவற்றின் முண்டும் முள்ளும் உதவுகின்றன. பளபளக்கும் கருநீலக் கத்தரிக்காய் கருவியை ஏமாற்றும். அதன் தோலில் தெரியும் வெளிச்சம், படம் எடுப்பவர் நகர நகரத் தானும் நகரும். மென்பொருள் அதையும் தோலின் அடையாளம் என்று எண்ணிப் பள்ளமும் மேடும் கற்பிக்கும். மெல்லியதாக மாவைப் பூசி மினுமினுப்பை அடக்கினால் சரியாகும். புடலங்காய் தொங்கும்போது ஒரு வடிவம், கிடத்தினால் வேறு வடிவம். காற்றில் ஆடினால் அளவே கிடைக்காது. வாழைப்பூவில் மடல் விரிந்திருக்கும் இடத்தில் உள்ளே ஒளிந்த பகுதியைக் கேமரா எட்டாது. எட்டினாலும், கணினி சொல்லும் கோட்டில் மேலிருந்து இறங்கிக் கடையும் சாதாரண சிஎன்சி எந்திரத்தின் உளி அந்த மறைவிடத்துக்குள் போகாது. அதனால் மடலைத் தனியாகவும் தண்டைத் தனியாகவும் கடைந்து பிறகு பொருத்த வேண்டும். பறித்த காய் வாடிச் சுருங்குவதற்குள், அன்றைக்கே, அளவெடுப்பும் முடிய வேண்டும்.

பெரிதாக்கும்போது கணக்கு நம்மை எச்சரிக்கிறது. பத்து சென்டிமீட்டர் நீளக் கத்தரிக்காயை மூன்று மீட்டராக்கினால் நீளம் 30 மடங்கு, தோலின் பரப்பு 900 மடங்கு, கனஅளவு 27,000 மடங்கு. அந்தக் காயின் கனஅளவு சுமார் 150 கன சென்டிமீட்டர் என்று கொண்டால், பெரிய காயின் கனஅளவு நான்கு கன மீட்டர். அதைக் கெட்டி வெண்கலமாக வார்த்தால் 35 டன் வரும். அதையே உள்ளே கூடாக, ஆறு மில்லிமீட்டர் தடிமன் தோலாக மட்டும் வார்த்தால் 700 கிலோவுக்குள் அடங்கிவிடும். சுவாமிமலையின் வழக்கமான திருமேனி வார்ப்பு கெட்டி வார்ப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த மெழுகில் உரு செய்து, காவிரி வண்டலை மேலே பூசி, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். காய்கனிப் பேருருவுக்கு உள்ளீடற்ற வார்ப்பு வேண்டும். துண்டு துண்டாக வார்த்துப் பற்றவைக்க வேண்டும். உள்ளே எஃகுச் சட்டம் வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும் என்பதால், அந்த அளவை அச்சிலேயே முன்கூட்டிக் கூட்ட வேண்டும். தோலை ஒரே தடிமனில் உள்வாங்குவது, வெட்டுக்கோடு எங்கே போனால் ஒட்டு தெரியாது என்று சோதிப்பது, சுருக்கத்தைக் கூட்டுவது ஆகிய மூன்றும் கணினிக்குச் சில நிமிட வேலை. கையால் செய்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

இந்தியாவில் இந்தப் பாதை ஏற்கெனவே நடக்கப்பட்டதுதான். குஜராத்தில் 2018இல் திறக்கப்பட்ட 182 மீட்டர் உயர வல்லபபாய் படேல் சிலைக்குச் சிற்பி ராம் சுதார் செய்த முப்பதடி மாதிரியை ஸ்கேன் செய்து, கணினியில் பெரிதாக்கித்தான் வேலை நடந்தது. ஆனால் அதன் வெண்கலப் பலகைகள் சீனாவில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன. 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் ஜி20 மாநாட்டுக்காக நிறுவப்பட்ட 27 அடி உயர, 18 டன் நடராஜர் சுவாமிமலையில், மெழுகு உருவிலிருந்து பழைய முறையிலேயே வார்க்கப்பட்டது. பேருருவை வார்க்கும் திறமை நம்மிடம் இருக்கிறது என்பதற்கு இந்த நடராஜர் சாட்சி. கணினி அளவிலிருந்து பல நூறு பலகைகளைப் பிசகில்லாமல் வார்த்துப் பொருத்தும் ஏற்பாட்டை நம் பட்டறைகளில் வளர்க்கவில்லை என்பதற்குப் படேல் சிலையின் பலகைகள் சாட்சி. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள ஒரு பயிற்சிக் களம் தேவை. திருமேனியில் பரிசோதனை செய்யக் கூடாது. ஆகமமும் வழிபடுவோர் மனமும் அதற்கு இடம் தராது. காய்கனியில் செய்யலாம். பிசகினால் யார் மனமும் புண்படாது, உருக்கி மறுபடி வார்க்கலாம்.

எந்திரம் வந்தால் கைத்தொழில் செத்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. திருவிடைமருதூருக்குப் பக்கத்து ஊரான திருபுவனம் இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது. அங்கே பட்டுப் புடவையின் கரையையும் முந்தியையும் தறிக்குச் சொல்வது ஜக்கார்டுப் பெட்டியில் ஏறும் துளையிட்ட அட்டை. துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே நிலைகளில் உருவத்தைக் குறித்துவைக்கும் அந்த முறை 1804ஐ ஒட்டிப் பிரான்சில் உருவானது. கணினியின் முன்னோடிகளில் ஒன்று. இப்போது பட்டு நெசவு ஊர்களில் டிசைனைக் கணினியில் வரைந்து அட்டை அடிப்பது வழக்கமாகிவிட்டது. அதன் பிறகும் திருபுவனம் பட்டு கைத்தறிப் பட்டாகவே புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. சிற்பத்திலும் முன்னுதாரணம் உண்டு. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் தன் சிறிய உருவங்களை ஆன்ரி லெபோசே என்ற தொழில்வினைஞரிடம் கொடுத்து, ஒரு முனை மாதிரியைத் தடவ மறுமுனை பெரிய உருவைச் செதுக்கும் பொறியால் பெரிதாக்கிக்கொண்டார். உலகம் அறிந்த அவருடைய ‘சிந்தனையாளர்’ பேருருவமும் அப்படிப் பெரிதாக்கப்பட்டதே. அதை எந்திரத்தின் படைப்பு என்று யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் திருபுவனத்தையும் ரோதானையும் காட்டிவிட்டால் அச்சம் முழுதும் தீராது. ஸ்கேன் செய்த காயை அப்படியே முப்பது மடங்கு பெரிதாக்கினால் அது பெரும்பாலும் செத்த உருவமாகத்தான் இருக்கும். கையில் வைத்துப் பார்த்த காயில் தெரியாத வெறுமை மூன்று மீட்டரில் தெரியும். அளவெடுப்பில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை என்றால் பெரிய உருவில் அது மூன்று மில்லிமீட்டர் அலையாகும். நுண்ணிய விவரம் எதுவும் அந்த அளவில் வராது. அதை உருவாக்கியே தீர வேண்டும். காம்பின் நார் எந்தத் திசையில் ஓட வேண்டும், தோலை எங்கே வழுவழுப்பாக விட்டு எங்கே சீவ வேண்டும், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தொப்பி சிறுத்துத் தெரியாமலிருக்க எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்வது உளி பிடித்த கைதான். மெழுகில் உருப்பிடித்துப் பழகிய கைக்கு இந்த வேலை கூடும், குறையாது. குறைவது முதல் கட்டத்தின் தோராய வடிவைத் திரட்டும் உழைப்பு மட்டும். அந்த உழைப்புக்குக் கூலி பெறும் உதவியாளர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்கே கணினிப் பயிற்சி முதலில் கிடைக்க வேண்டும். நகரத்திலிருந்து ஆளை இறக்குவது இந்த முயற்சியைக் கெடுத்துவிடும்.

பிளாஸ்டிக் குப்பையைப் பற்றிய ஆட்சேபம் எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. உலகெங்கும் இத்தகைய பேருருவங்களைச் செய்யும் சுலபமான வழி, தெர்மோகோல் கட்டியை எந்திரத்தால் கடைந்து மேலே ஃபைபர் பூசுவது. கடைந்து விழும் மணிகள் வாய்க்காலில் இறங்கினால் வயல் வரை போகும். தெர்மோகோல் உருவை உள்ளேயே வைத்து உலோகம் ஊற்றி எரிக்கும் முறையில் நச்சுப் புகை எழும். பட்டறைக்காரரின் நுரையீரல்தான் அதற்கு விலை கொடுக்கும். ஃபைபர் நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஜப்பானில் நவோஷிமா தீவின் கடலோரத்தில் யாயோய் குசாமா 1994இல் வைத்த மஞ்சள் பூசணியை 2021 ஆகஸ்டில் புயல் அலை கடலுக்குள் இழுத்து உடைத்தது. மறு ஆண்டு அக்டோபரில் புதிதாகச் செய்து வைத்தார்கள். 2018இல் கஜா புயலைக் கண்ட டெல்டாவுக்கு இந்தச் செய்தி சாதாரணமானதல்ல.

நமக்கு இதைவிட நல்ல வழி கைவசம் இருக்கிறது: சுதை. கணினியில் இருக்கும் கத்தரிக்காயைப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டாக நறுக்கினால் முப்பது வளையக் கோடுகள் கிடைக்கும். அவற்றை முழு அளவில் ஃபிளெக்ஸ் கடையில் அச்சடித்துத் தரையில் விரித்துவிட்டால், அந்தக் கோட்டின்மேல் கம்பியை வளைப்பது கோபுரப் பொம்மை செய்யும் கொத்தனாருக்குக் கை வந்த வேலை. வளையங்களை வரிசையில் நிறுத்திக் கட்டி, வலையை இழுத்துச் சுற்றி, நான்கு சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுதை பூசினால், சுமார் 13 சதுர மீட்டர் பரப்புள்ள அந்தக் காயின் தோல் ஒன்றேகால் டன்னுக்குள் நிற்கும். ஸ்கேனரும் எந்திரமும் கோடிக்கணக்கில் விலை ஆகும் என்ற பேச்சுக்கும் இதுவே பதில். அளவெடுக்க ஒரு நல்ல செல்போன் கேமரா, அச்சடிக்க ஊரில் இருக்கும் ஃபிளெக்ஸ் எந்திரம், பூச ஊரில் இருக்கும் கை. அச்சடித்த தாள் மூன்று நான்கு முறை பயன்பட்ட பிறகே குப்பையாகும் என்பதையும் கணக்கில் கொள்ளலாம். வார்ப்பு பிறகு, அனுபவம் சேர்ந்தபின் வரட்டும்.

மிச்சமிருக்கும் கேள்வி நேரடியானது: விவசாயி விலை கிடைக்காமல் தவிக்கும்போது காய்க்குச் சிலை எதற்கு? சிலை வைத்தால் தக்காளி விலை ஏறாது. அப்படி ஏறும் என்று சொல்பவர் ஏமாற்றுகிறார். ஆனால் ஒரு வட்டாரம் தன்னைத் தன் விளைச்சலால் அடையாளம் சொல்லிக்கொள்வதற்குப் பயன் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் அருகே ஓர் அன்னாசித் தோட்டத்தில் 1971இல் எழுப்பிய 16 மீட்டர் அன்னாசி, பார்க்க வருகிறவர்களைப் பண்ணைக்குள் இழுத்து, 2009இல் அந்த மாநிலத்தின் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலிலும் ஏறியது. கும்பகோணம் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அந்தக் கொடிக்காலைக் கடந்து போகிற பேருந்துப் பயணிக்கு அது தெரிவதற்கு ஒரு அடையாளமும் இல்லை. தாவரவியல்படி நெல்மணியும் ஒரு கனிதான். நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுச் சேர்த்தார். மாப்பிள்ளைச் சம்பாவின் மணிக்கும் கருப்புக் கவுனியின் மணிக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ணால் சொல்லக்கூடியவர்கள் டெல்டாவிலேயே குறைந்துவருகிறார்கள். எட்டரை மில்லிமீட்டர் நெல்லை 700 மடங்கு பெரிதாக்கினால் ஆறு மீட்டர். உமியின் இரண்டு ஓடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் விளிம்பும், அதன்மேல் ஓடும் நரம்பும், கட்டம் கட்டமான சொரசொரப்பும் முதல் முறையாக எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இதற்குச் செல்போன் கேமரா போதாது. எக்ஸ்ரேயால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் நுண் சிடி கருவி வேண்டும், ஏனென்றால் இருபதில் ஒரு மில்லிமீட்டர் பிழைகூட அந்த அளவில் 35 மில்லிமீட்டர் ஆகிவிடும். பல்கலைக்கழக ஆய்வகங்களோடு சேர்ந்தால் செய்யக்கூடிய வேலைதான்.

அறிவுக்கும் இங்கே பஞ்சம் இல்லை. கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி சிற்பம் கற்பிக்கிறது. தஞ்சையில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் உணவுக் கூழை அடுக்கடுக்காக வார்த்து வடிவமைக்கும் முப்பரிமாண அச்சு எந்திரத்தில் ஆய்வே நடத்தியிருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு வெளியே உலகின் முதல் ஃபேப் லேப் (கணினிவழி உருவாக்கப் பட்டறை) 2002இல் தொடங்கியது ஒரு இந்தியக் கிராமத்தில், புனே அருகே பாபலில் உள்ள விஞ்ஞான் ஆசிரமத்தில். கிராமத்துப் பிள்ளைகள் கையால் செய்து கற்கும் பள்ளி அது. கல்லூரி மாணவரும் சுவாமிமலைப் பட்டறை உதவியாளரும் சுதைக் கொத்தனாரும் ஓர் ஆடி மாதம் முதல் தை மாதம் வரை சேர்ந்து உழைத்தால் முதல் உருவம் எழும். அது வாழைப்பூவாக இருக்கட்டும், பத்தடி உயரத்தில், சுதையில், மடல் ஒன்று விரிந்த நிலையில். போதிகையில் அதைச் செதுக்கிய கைகளின் தொடர்ச்சி நம்மிடம் இருக்கிறது, கடினமான வடிவம் என்பதால் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. தைப்பூசத்துக்குத் திருவிடைமருதூர் வரும் கூட்டம் போகிற வழியில், கோயிலுக்கு வெளியே, கும்பகோணம் - மயிலாடுதுறை சாலை ஓரத்தில் அதை வைக்க ஊராட்சிகளோ பேரூராட்சியோ பத்தடி இடம் தர வேண்டும். வாழைத் தோட்டமும் ஃபிளெக்ஸ் கடையும் கம்பி வளைக்கத் தெரிந்த கொத்தனாரும் இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.